சூரியத் தொட்டிக்குக் கூரை

"அண்டத்தில் உள்ள அழுக்கு அத்தனையையும் தன் ஒரே பார்வையால் சுட்டெரித்துப் புனிதமாக்கும் வல்லமை ஆதவன் ஒருவனுக்கே உண்டு, அவன் திருவருளால் இலஞ்சி மண்ணில் இன்று ஒரு புதிய யுகம் பிறக்கிறது."

அழைப்பிதழின் முதல் வரி இது. கெட்டி அட்டையில் தங்க எழுத்து. அச்சகத்திலிருந்து கட்டு வந்த அன்று மாரித்தாய்தான் பிரித்தாள். சாரல் ஈரத்தில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரிக்கப் பிரிக்க ஆதவன் ஒரு அட்டையை விட்டு அடுத்த அட்டையின் முதுகில் போய் ஏறிக்கொண்டிருந்தான். கடைசியில் அடுப்பு மேட்டில் பரப்பித்தான் காயவைக்க வேண்டியிருந்தது. அசல் ஆதவனை ஊரில் ஒருத்தர் கண்ணால் கண்டு அன்றோடு பதினோரு நாள்.

இலஞ்சியிலிருந்து வயலுக்கு இறங்குகிற பாதையில், தென்னந்தோப்பு முடியும் இடத்தில் இருக்கிறது ஜெய் ஜவான் சாயச்சாலை. முன்பக்கம் வீடு. பின்பக்கம் நாலு சாயத்தொட்டி, ஒரு விறகு அடுப்பு, கரண்டில் ஓடும் இரண்டு பம்பு, நூல் காயப்போட மூங்கில் கழிகள். ஆனி ஆடியில் குற்றாலத்துக்கு வருகிறவன் தலை துவட்டத் துண்டு வாங்குவான். கார்த்திகையில் மலைக்குப் போகிற வழியில் அருவியில் முங்க வருகிறவன் கறுப்பும் நீலமும் காவியுமாக வேட்டி வாங்குவான். அந்தத் துண்டுக்கும் வேட்டிக்கும் நூலில் நிறம் ஏறுவது இங்கேதான். மாரித்தாயின் இரண்டு கையும் முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி முகத்தைப் பார்க்கும் முன்னால் கையைத்தான் பார்ப்பாள். "இந்த மாசம் பச்சையா மதினி?" என்பாள்.

பலகையில் உரிமையாளர் என்று போட்டிருப்பது அவள் வீட்டுக்காரர் பெயர். சுபேதார் சுந்தரபாண்டியன், ஓய்வு. இருபத்திரண்டு வருஷம் எல்லையைக் காத்தவர். எல்லையில் அவர் காத்தது கம்பளிக் கிடங்கு. அதே இருபத்திரண்டு வருஷமும் மாரித்தாய் இங்கே சாய அடுப்பைக் காத்தாள். ஓய்வு பெற்று வந்த மறுநாள் அவர் செய்த முதல் காரியம் பலகையைத் தன் பெயருக்கு மாற்றி எழுதியது. இரண்டாவது காரியம் என்று ஒன்றை இன்றுவரை அவர் செய்ததாகத் தெரியவில்லை.

வினை வந்தது பக்கத்துத் தோப்பு இசக்கிமணியின் வேட்டியால். சாயச்சாலைக் கழிவு ஓடையில் இறங்கி, மண்ணில் ஊறி, அவர் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தண்ணீர் லேசாகச் சிவந்துதான் இருந்தது. செவ்வகத்திப் பூ விழுந்து கிடக்கிறது என்று அவரும் நினைத்திருந்தார். கீழப்பாவூரில் மருமகள் வளைகாப்புக்கு என்று வெள்ளை வேட்டியை அதில் முக்கி எடுத்தார் அவர் பெண்டாட்டி. இசக்கிமணி ரோஸ் நிற வேட்டியில் போய் நின்றார். சம்பந்தி வீட்டார் பெண்கள் ஒருத்தர் விடாமல் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்த அன்றே மனு எழுதிப் போட்டுவிட்டார்.

சித்திரை பிறந்ததும் காகிதம் வந்தது. கழிவுத் தண்ணீரில் நிறம் இருக்கிறது; மற்றதெல்லாம் அளவுக்குள் இருக்கிறது. தொண்ணூறு நாளுக்குள் நிறத்தைப் போக்க வழி செய்யாவிட்டால் மின் இணைப்பு துண்டிக்கப்படும். தொண்ணூறாம் நாள் வந்து தண்ணீர் எடுத்துச் சோதிப்போம்.

மாரித்தாய் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். கரண்டு இல்லாவிட்டால் பம்பு இல்லை. பம்பு இல்லாவிட்டால் கார்த்திகை மாசத்துக் கறுப்பு நூல் இல்லை. அந்த ஒரு நூலை நம்பித்தான் வருஷம் முழுக்க அடுப்பு எரிகிறது. அவளோடு சேர்த்துப் பதினோரு பொம்பளைகள் அதில் கை நனைக்கிறார்கள்.

"பயப்படாத ஏட்டி" என்றார் சுபேதார். "இதவிடப் பெரிய முற்றுகையெல்லாம் பாத்தாச்சு."

"எங்கன? கம்பளிக் கிடங்குலயா?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் முனைவர் ஆவுடையப்பனோடு திரும்பி வந்தார்.

ஆவுடையப்பன் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவர். கூப்பிடுகிறவர்கள் முனைவர் என்று சேர்த்துக் கூப்பிடாவிட்டால் காது கேட்காது. கூட அவருடைய ஆராய்ச்சி மாணவி ஷாரோன் வந்திருந்தாள். தோளில் பை, பைக்குள் கண்ணாடிக் குடுவைகள், முகத்தில் தூக்கமில்லாத களை. மொட்டைமாடியில் குடுவையை வைத்து, அதில் சிவப்புக் கழிவை ஊற்றி, ஒரு சிட்டிகை வெள்ளைப் பவுடரைப் போட்டுக் கலக்கினாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் குனிந்து கலக்கிக்கொண்டே இருந்தாள். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. முனைவர் குடைக்குள் நின்று உரை நிகழ்த்தினார்.

"இதுக்குப் பேரு ஒளி வினையூக்கி. சூரிய ஒளி இந்தத் துகள் மேல பட்டதும் ஒரு மகத்தான யுத்தம் நடக்கும். சாயத்தோட மூலக்கூறு ஒவ்வொண்ணும் அக்கு வேறா ஆணி வேறா..."

சாய அடுப்பில் பதினெட்டு வருஷமாக நிற்கிற ஏசுவடியான் பவுடரை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தான். "சார், இது வெள்ளைப் பெயிண்டுக்குப் போடுத பவுடர்லா?"

"இது நானோ!" என்றார் முனைவர்.

"பெயிண்டுலயும் இதான் அண்ணாச்சி" என்றாள் ஷாரோன் மெதுவாக. "இது அதவிடப் பொடிசு, அவ்வளவுதான்."

முனைவர் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு முனைவர் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

ஆனால் மூன்று மணி நேரத்தில் குடுவைத் தண்ணீர் தெளிந்துவிட்டது. முதலில் சிவப்பு ரோஸானது, ரோஸ் கழுவின அரிசித் தண்ணீர் மாதிரியானது, அதை இறுத்து வைத்தபோது அடியில் வெள்ளைப் பவுடரும் மேலே நிறமில்லாத தண்ணீருமாக நின்றது. மாரித்தாய் சாயக்காரிகளின் சோதனையைச் செய்தாள்: வெள்ளை நூலில் ஓர் இழையைப் பிய்த்து முக்கி, பிழிந்து, வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளையாகவே இருந்தது. முப்பது வருஷமாக நிறத்தை ஏற்றியே பழகிய கைக்கு, நிறம் தானாகப் போவதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது.

"பெரிய தொட்டியா கட்டிருவோம்" என்றார் சுபேதார். "அஞ்சடி ஆழம். பத்தடி அகலம். முன்னால கிரானைட்டுல பேரு."

"அஞ்சடி வேண்டாம் ஐயா" என்றாள் ஷாரோன். "நாலு விரக்கடை போதும். அதுக்குக் கீழ வெளிச்சம் எறங்காது. சாயத்தண்ணி கறுத்துக் கெடக்கும்லா, மேல்தண்ணியே வெளிச்சத்தக் குடிச்சிரும். அகலமா, மட்டமா, தட்டு மாதிரி போடணும்."

"நாலு விரக்கடைத் தொட்டிக்கு யாரும்மா வந்து ரிப்பன் வெட்டுவா?" என்றார் முனைவர்.

கேள்வியில் நியாயம் இருந்தது. ஐந்தடியில் தொட்டி எழுந்தது. கடைசியில் சின்னதாக ஓர் அறை. தெளிந்த தண்ணீர் அதில் வந்து சேரும், அதிலிருந்து பளபளவென்று ஒரு பித்தளைக் குழாய். கிரானைட்டில் முனைவர் பெயரும் சுபேதார் பெயரும் ஒரே அளவில் இருக்க வேண்டுமென்று இரண்டு பேரும் நூல் பிடித்து அளந்தார்கள். ஷாரோன் பெயர் வரவில்லை. இடம் போதவில்லை என்றார்கள்.

திறப்பு விழாவுக்கு அகில பாரத ஆதவ நீர்ப் பேரவையின் தலைவரை முனைவர் பிடித்தார். வைகாசியில் வாருங்கள் என்று எழுதினார். பேரவைத் தலைவர் பெரிய மனசு பண்ணி, ஆனி கடைசியில் வருகிறேன், அப்போதுதானே சீசன், குடும்பத்தோடு அருவியில் குளிக்க வேண்டும் என்று பதில் போட்டார். எண்ணிப் பார்த்தால் அது தொண்ணூறாம் நாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று சுபேதார் தொடையைத் தட்டினார்.

மாரித்தாய்தான் கேட்டாள்: "ஏங்க, ஆனில வெயிலு ஏது? ஆனில நான் ஒரு கூழ்வத்தல் போட்டுப் பாத்திருக்கியளா? வத்தலே காயாத மாசத்துல சாயம் எப்படிக் காயும்?"

"விஞ்ஞானத்தையும் வத்தலையும் ஒண்ணாப் பேசாத."

"ரெண்டுக்கும் சூரியன் ஒண்ணுதான? விஞ்ஞானத்துக்குன்னு வேற சூரியனா வருதான்?"

முனைவர் சிரித்தார். "மேகத்துக்குப் பின்னாலயும் கதிர் உண்டும்மா."

"உண்டு சார்" என்றாள் ஷாரோன். "ஆனா மூணு மணி நேர வேலைக்கு மூணு நாள் ஆகும். அதுவும் தட்டுல. அஞ்சடித் தொட்டின்னா..." முனைவர் திரும்பிப் பார்த்ததும் பையின் வாரைச் சரி செய்தாள்.

ஆனி பிறந்தது. மலைமேல் மேகம் உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. தென்காசி முழுக்கக் கார்கள். சாரல் நின்று பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. நூல் கழியில் தொங்கினபடியே பூஞ்சை வாடை அடித்தது. ஐந்தடித் தொட்டியில் சிவப்பும் நீலமும் கலந்த தண்ணீர் கத்திரிக்காய்க் குழம்பு நிறத்தில் அசையாமல் கிடந்தது. முனைவர் தினமும் வந்து மூட்டை மூட்டையாகப் பவுடரைக் கொட்டினார். குழம்பு கொஞ்சம் வெளுத்துக் கத்திரிக்காய்க் கூட்டு ஆனது. அதற்கு மேல் நகரவில்லை.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது சுபேதார் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். சூரியனைத் தேடித்தான் பார்க்கிறார் என்று மாரித்தாய் நினைத்தாள்.

"தலைவர் நனைஞ்சிருவாருல்லா" என்றார். "மேல தகரம் போட்டுரணும்."

"எதுக்கு மேல?"

"தொட்டிக்கு மேலதான். அங்கனதான மேடை."

ஏசுவடியான் கையிலிருந்த கழியைக் கீழே வைத்தான். "மொதலாளி, அது சூரியத் தொட்டில்லா?"

"ஏலே, விழா முடிஞ்சதும் பிரிச்சிருவோம்லே. சூரியனா ஓடிருவான்?"

அன்றைக்கே தகரம் ஏறியது. அதன் அடியில் கலர் துணி கட்டி, சீரியல் விளக்குப் போட்டார்கள். வெளிச்சம் பத்தவில்லை என்று முனைவர் இரண்டு குழல்விளக்கு கூடுதலாகக் கேட்டார்.

இந்தக் கூத்து பின்பக்கம் நடந்துகொண்டிருக்க, மாடியில் வேறொன்று நடந்தது. மாரித்தாயின் வத்தல் தகரங்கள் எட்டும் பரணில் சும்மா கிடந்தன. ஷாரோன் அவற்றைக் கேட்டு வாங்கி, உடைந்த சுவர் ஓடுகளின் சொரசொர முதுகில் பவுடரைக் கரைத்துப் பூசி அடுப்பில் சுட்டு, தகரங்களில் பரப்பி, நாலு விரக்கடைக்குக் கழிவை ஊற்றி வைத்தாள். சாரல் விழும்போது மேலே பழைய கண்ணாடி ஜன்னல் கதவை எடுத்து மூடினார்கள். மேகம் விலகுகிற பத்து நிமிஷத்துக்கு மாரித்தாய் அடுப்பை விட்டுவிட்டு மாடிப்படி ஏறி ஓடிக் கண்ணாடியை எடுத்தாள். வத்தலுக்கு ஓடிப் பழகிய கால்.

"ஏம்மா ஷாரோன், நிய்யி ஏன் அந்த ஆளுகிட்ட இதச் சொல்லக் கூடாது?"

"சொல்லியாச்சு அத்தை. எழுதியும் குடுத்தாச்சு. அவுங்க அதுல அவுங்க பேரப் போட்டு கான்பரன்சுல வாசிச்சாச்சு. வாசிக்கும்போதாவது படிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

மூன்றாம் நாள் மத்தியானம் ஒன்றரை மணி நேரம் வெயில் அடித்தது. ஊரே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. அன்று சாயங்காலம் எட்டுத் தகரத்துத் தண்ணீரும் தெளிந்திருந்தது. வடிகட்டிப் பித்தளை அண்டாவில் ஊற்றினார்கள். ஆறு குடம். வெள்ளை இழை வெள்ளையாகவே வெளியே வந்தது. மாரித்தாய் அண்டாவை ஈயத்தட்டால் மூடி, அதன் மேல் அம்மிக் குழவியை வைத்தாள்.

"நாளைக்கு வாரவங்களுக்கு இதக் குடுத்துருவோம்" என்றாள் புருஷனிடம்.

"அண்டாவுல இருந்தா? குழாயில இருந்துதான் புடிப்பாவ. கடைசி அறை நெறஞ்சாத்தான் குழாயில தண்ணி வரும். அதுக்கு ரெண்டு டிரம்மு வேணும். ஒன் ஆறு கொடம் அடியில ஒட்டிக்கிடக்கும்."

"அப்ப அதிகாரியக் கூட்டி உள்ளதச் சொல்லுவோம். தட்டுல செஞ்சா தெளியுது, இன்னும் ரெண்டு மாசம் தாங்க, தட்டாப் போட்டுருதோம்னு கேப்போம். அண்டாவையும் காட்டுவோம்."

சுபேதார் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "கிரானைட்டுல பேரு வெட்டின பொறவா?"

அவர் திட்டம் வேறு. கடைசி அறைக்கும் பெரிய தொட்டிக்கும் நடுவில் உள்ள துவாரத்தைச் சிமெண்டால் அடைத்துவிட வேண்டியது. அறையில் நல்ல தண்ணீரை நிரப்பிவிட வேண்டியது. சொந்தக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. அது இசக்கிமணி கிணற்றைவிடச் சிவப்பு. பஞ்சாயத்துக் குழாய் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், மஞ்சளாக வரும்.

"குற்றாலத் தண்ணி இருக்கும்போது கவலை எதுக்கு?" என்றார். "மூலிகைத் தண்ணிட்டி. மலைல ஆயிரம் வேரு பட்டு வருது. அதவிடச் சுத்தமான தண்ணி உலகத்துல கெடையாது. எந்த லேபுல வச்சாலும் தோக்காது."

திருட்டுத்தனம் என்று மாரித்தாய்க்குத் தெரிந்தது. ஆனால் தண்ணீர் தோற்குமென்று அவளுக்கும் தோன்றவில்லை. சுற்றுவட்டாரத்தில் பிறந்த எவருக்கும் தோன்றாது. ஊரில் எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம்; அருவித் தண்ணீரைக் குறை சொன்னவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

விழா அன்று காலை ஆறரை மணிக்குப் பேரவைத் தலைவர் வந்து இறங்கினார். கூடவே இரண்டு மச்சினர்கள், ஒரு சகலபாடி. ரிப்பன் பத்தரைக்குத்தான், முதலில் குளியல். அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். ஆகவே விவரமுள்ளவர்கள் வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு போவார்கள். பலகை அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாரித்தாய் முந்தின நாளே மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு இரண்டு லிட்டர் நல்லெண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள். சாயச்சாலைக்குள் பலகை போட்டு, தலைவரைக் கோவணத்தோடு உட்காரவைத்து, சுபேதாரே உச்சியில் எண்ணெய் வைத்தார். முனைவர் முதுகைப் பிடித்தார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு பாரதத்தின் நீர் மரபு பற்றிப் பேசினார். எண்ணெய் அவர் வயிற்று மடிப்புகளில் வழிந்து நின்றது. பிறகு மச்சினர்கள், பிறகு சகலபாடி, பிறகு முனைவர், கடைசியில் சுபேதார். சொட்டச் சொட்டக் காரில் ஏறினார்கள். பின்னால் ஏசுவடியான் லோடு ஆட்டோவில் இரண்டு டிரம்மோடு போனான்.

ஒன்பதேகாலுக்கு டிரம் வந்து, அறை நிறைந்தது. மாரித்தாய் அடுக்களையில் அறுபது பேருக்குச் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தாள். ஏசுவடியான் ஜன்னலில் வந்து நின்றான்.

"எங்கன புடிச்சே?" என்று கேட்டாள்.

"மெயின் அருவிலதான் அக்கா. கூட்டம்னா கூட்டம், மண்ணு போட்டா மண்ணு விழாது. போலீசு ஒரு ஓரமாத்தான் எறங்க விட்டாவ. மேல தலைவரும் கூட வந்தவியளும் நின்னு குளிச்சாவ, கீழ தேங்குத எடத்துல நான் மொண்டேன்."

மாரித்தாய் சாம்பார்க் கரண்டியை வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள். அதற்குள் உப்புப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அவள் மறுபடி வெளியே எட்டிப் பார்த்தபோது பத்து மணி. தலைவர் வாசலில் நின்றார். காரை விட்டு இறங்கி வருகிற வழியில் மிதித்த ஓடைச் சேறு முழங்கால் வரை. சுபேதார் கத்துகிற சத்தம் கேட்டது: "ஏலே, அண்டாவுல நல்ல தண்ணி இருக்குலே, கொண்டா! தலைவருக்குக் காலுக்கு ஊத்து!"

குழவியும் ஈயத்தட்டும் ஓரமாகக் கிடந்தன. ஒரு குடம், இரண்டு குடம். தலைவர் காலை மாற்றி மாற்றி நீட்டினார். முனைவரும் செருப்பைக் கழற்றினார். மச்சினர்கள் வரிசையில் நின்றார்கள். வெயிலுக்காக மூன்று நாள் மாடிப்படி ஏறி இறங்கித் தெளியவைத்த தண்ணீர் சேற்றோடு சேர்ந்து ஓடையில் இறங்கியது. சாயச்சாலையிலிருந்து நிறமில்லாமல் அந்த ஓடைக்குப் போன முதல் தண்ணீர் அது.

ஷாரோன் தூணோரம் நின்றாள். "அத்தை..." என்றாள்.

"பாத்துட்டேன்" என்றாள் மாரித்தாய்.

தகரத்தில் மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருக்க, ஆதவன் மீது இறைவணக்கம் பாடினார்கள். பாடியது முனைவரின் மனைவி. தலைவர் பேசினார். மழைச் சத்தத்தில் "கதிரவன்" என்பது மட்டும் ஏழெட்டுத் தடவை கேட்டது. குழல்விளக்கின் கீழ் ரிப்பன் வெட்டப்பட்டது. தண்ணீர் எடுக்க ஆபீசிலிருந்து வந்திருந்த பெண் சின்ன வயசு. ரெயின்கோட்டைக் கழற்றவில்லை, காபி வேண்டாம் என்றுவிட்டாள். குழாயைத் திறந்து கொஞ்சம் ஓடவிட்டு, இரண்டு பாட்டிலில் பிடித்து, அடைத்து, அரக்கு வைத்துக் கையெழுத்து வாங்கினாள்.

"தொட்டில இருக்கது வேற நெறமா இருக்கே" என்றாள்.

"அது வினை நடந்துக்கிட்டிருக்க நிலை" என்றார் முனைவர்.

அவள் அறைக்கும் தொட்டிக்கும் நடுச்சுவரைக் குனிந்து பார்த்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு தலைவர் ஒரு கண்ணாடி டம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குழல்விளக்குக்கு நேராக உயர்த்தினார். தண்ணீரின் மேலே மெல்லிசாக ஒரு வளையம் மிதந்தது. டம்ளரை அசைக்க அசைக்க அதில் ஊதாவும் பச்சையும் மஞ்சளும் ஓடின.

"பாருங்கள்!" என்றார் தலைவர், குரல் தழுதழுக்க. "ஆதவனின் ஏழு நிறமும் இந்த நீரில் குடியேறிவிட்டன! வானவில்லையே வடித்திருக்கிறார் நம் முனைவர்!"

கைதட்டல் தகரத்தை அதிரவைத்தது. சுபேதார் சல்யூட் அடித்தார். முன்வரிசையில் இருந்த இசக்கிமணிகூட, தன் கிணற்றுக்கு விடிவு வந்தது என்று தட்டிவிட்டார். தட்டிய பிறகுதான் தான் எதிராளி என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. டம்ளர் கை மாறிக் கை மாறி மாரித்தாயிடம் வந்தது. அவள் மூக்கருகே கொண்டுபோனாள். மிளகு. சீரகம். பூண்டு கொஞ்சம் தூக்கல்.

அரக்கு வைத்த பாட்டில்களைப் பெட்டியில் வைத்து அந்தப் பெண் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டிருந்தாள். மாரித்தாய் படி இறங்கினாள். மூன்று படி. "எம்மா, கொஞ்சம் நில்லு" என்று சொல்ல வாய் திறந்தாள். பின்னால் மைக்கில் சுபேதார், "என் வெற்றிக்குப் பின்னால் நின்ற என் மனைவி மாரித்தாயை மேடைக்கு அழைக்கிறேன்" என்றார். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. ஸ்கூட்டர் போய்விட்டது. அவள் மேடை ஏறி, நீல நிறக் கையை நீட்டிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டாள். அது போன வருஷம் அவள் சாயம் போட்ட நூலில் நெய்தது. மழை பட்ட ஓரத்தில் சாயம் விட்டிருந்தது.

ஆடி கடைசியில் அறிக்கை வந்தது. சுபேதார் கண்ணாடி போட்டுக்கொண்டு, நின்று, உரக்க வாசித்தார்.

"நிறம், இல்லை. கேட்டியா? இல்லை! உப்பு, அளவுக்குள். அமிலம், அளவுக்குள்..."

குரல் ஏறிக்கொண்டே போனது. ஒரு வரியில் நின்றது.

"என்னங்க?"

"எண்ணெய், கிரீஸ்" என்றார். "அளவைப்போல நாலு மடங்கு."

சாயச்சாலையில் எண்ணெய் எந்த வேலைக்குப் பயன்படுகிறது, அது எங்கே வெளியேற்றப்படுகிறது, பெரிய தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே உள்ள துவாரம் ஏன் சிமெண்டால் அடைக்கப்பட்டுள்ளது என்று பதினைந்து நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். அதுவரை கருணை, அதன் பிறகு துண்டிப்பு.

"உள்ளத எழுதுவோம்" என்றாள் மாரித்தாய். "ஷாரோன் கணக்குப் போட்டுத் தந்திருக்கா. மாடி பூராவும் தட்டுப் போட்டா போதுங்கா. ஆவணில வெயிலு வந்துரும்."

"எதிரி வேலை ஏட்டி இது" என்றார் சுபேதார்.

முனைவரைக் கேட்டார்கள். அவர் டெல்லியில் ஒரு மாநாட்டில் இருந்தார். 'இலஞ்சி மாதிரி' என்ற தலைப்பில் பேசிக்கொண்டிருந்தார். சுபேதார் தனியாகவே உட்கார்ந்து நாலு பக்கம் விளக்கம் எழுதினார். எல்லைக் காவல், தேசப்பற்று எல்லாம் முதல் மூன்று பக்கம். நாலாவது பக்கத்தில், பக்கத்துத் தோப்பு இசக்கிமணி என்பவர் முன்விரோதம் காரணமாக விழாவுக்கு வந்து, தன் தோப்பில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைத் தொட்டியில் ஊற்றிச் சதி செய்துவிட்டார் என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே சுபேதார் என்று போட்டு அனுப்பினார்.

ஆவணி பத்தாம் தேதி வந்து கரண்டை வெட்டினார்கள். கார்த்திகை நூல் ராயகிரிப் பக்கம் வேறு சாயச்சாலைக்குப் போனது. பதினோரு பேரில் ஏழு பேர் அங்கே பஸ் ஏறினார்கள். தகரத்தை இன்னும் பிரிக்கவில்லை. கரண்டை வெட்டின அன்றைக்கு நல்ல வெயில்.

தண்ணீரில் மிதந்தது தேங்காய் எண்ணெய் அல்ல, நல்லெண்ணெய்.